எட்டு எழுத்து ஜாதகம்

போன ஆனி மாதம் குற்றால சீசனுக்குக் குளிக்க வந்த கடையநல்லூர் நண்பர் ஒருவர், சிங்கப்பூரில் இருந்து கொண்டுவந்த தினத்தாள் காலண்டரை என்னிடம் விட்டுப் போனார். கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் குடும்பங்களுக்கு சிங்கப்பூர் பல தலைமுறைப் பழக்கம். தாளுக்குத் தாள் தேதிக்குக் கீழே சீன எழுத்துகள் ஜோடி ஜோடியாக இருந்தன. "இதென்ன பாய், ராகு காலமா?" என்றேன். "அவங்க பஞ்சாங்கம் சார்" என்றார். அதன் பிறகு மெனக்கெட்டுப் படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

சீனர்களிடம் இரண்டு வரிசைகள் உண்டு. ஒன்றில் பத்து எழுத்து: மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு. மற்றதில் பன்னிரண்டு: எலி, எருது, புலி தொடங்கிப் பன்றி வரை. இரண்டையும் சேர்த்து எண்ணிக்கொண்டே போனால் முதல் ஜோடி 61-ஆவதாகத் திரும்ப வரும். மூவாயிரம் ஆண்டுக்கு முன் ஷாங் மன்னர் காலத்து எலும்புகளிலேயே நாட்களை இப்படி எண்ணிப் பொறித்திருக்கிறார்கள்.

பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் நான்குக்கும் ஆளுக்கொரு ஜோடி, ஆக எட்டு எழுத்து. அதுதான் ஜாதகம். நாளின் முதல் எழுத்து ஜாதகரையே குறிக்கும். அது மரம் என்றால் நீர் வளர்க்கும், உலோகம் வெட்டும். நேரம் இரண்டு மணிக்கு ஒன்றாக மாறும். முதல் பிரிவு இரவு 11 மணிக்கு. மாதத்துக்குச் சூரியன் போகும் வழியைப் பார்ப்பார்கள். மற்றபடி லக்னமும் இல்லை, செவ்வாய் எங்கே சனி எங்கே என்ற விசாரமும் இல்லை. கணக்கப்பிள்ளை வேலைதான்!

நமது அறுபது ஆண்டு அப்படியல்ல. வியாழனின் 12 ஆண்டுச் சுற்று ஐந்து முறை. நமது பிரபவ 1987-இல் பிறந்தது, அவர்கள் சுற்று 1984-இல். 1952-இல் பிறந்த நான் இங்கே நந்தன, அங்கே நீர் டிராகன். 2012-இல் இரண்டுமே திரும்பி வந்தன.

இந்தக் கணக்கு ஜப்பானுக்குப் போய்ப் பெண்கள் தலையில் விடிந்தது. நெருப்புக் குதிரை ஆண்டில் பிறந்தவள் புருஷனை விழுங்குவாள் என்று அங்கே ஒரு நம்பிக்கை. 1965-இல் சுமார் 18 லட்சம் குழந்தைகள் பிறந்த நாட்டில், நெருப்புக் குதிரையான 1966-இல் 13 லட்சத்து 60 ஆயிரம்தான். அடுத்த ஆண்டே எண்ணிக்கை 19 லட்சத்தைத் தாண்டியது. அதற்கு முந்தைய 1906-இல், பெண் குழந்தைகளின் பிறப்பை முன் ஆண்டுக்கோ பின் ஆண்டுக்கோ தள்ளிப் பதிந்திருக்கிறார்கள். பதிவேட்டிலேயே காலம் தள்ளிய எனக்கு இதில் ஆச்சரியமில்லை. 2026 மறுபடியும் நெருப்புக் குதிரை, நமக்குப் பராபவ.

எங்கள் அக்கா மூல நட்சத்திரம். 'ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்' என்பார்களே, அதேதான். பிறந்த நேரத்தைக் கொஞ்சம் நகர்த்தி எழுதலாமா என்று அப்பாவும் யோசித்திருக்கிறார். முன்னே தள்ளினால் கேட்டை, மைத்துனனுக்கு ஆகாது. பின்னே தள்ளினால் பூராடம், நூலாடாது. எந்தப் பக்கமும் வழியில்லை. மூலத்துப் பெண்ணால் மாமனாருக்கு ஆபத்து என்று வந்த வரன்களெல்லாம் திரும்பிப் போயின. கடைசியில் 31 வயதில் ஒரு இடம் அமைந்தது. மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் மாலை போட்டிருந்த அவருடைய அப்பா படத்தைப் பார்த்த பிறகுதான் எங்கள் அப்பா முகத்தில் சிரிப்பு வந்தது.