செல்லின் வகைகளும் உள்ளமைப்பும்

செல் என்பது உயிரினங்களின் கட்டமைப்புக்கும் செயல்பாட்டுக்கும் அடிப்படையான அலகு. அமீபா போன்றவை ஒரே செல்லால் ஆனவை. தாவரங்களும் விலங்குகளும் பல செல்களால் ஆனவை. பிளாஸ்மா சவ்வு, சைட்டோபிளாசம், டி.என்.ஏ., புரதத்தை உருவாக்கும் ரைபோசோம்கள் ஆகியவை ஏறத்தாழ எல்லாச் செல்களுக்கும் பொதுவானவை. மற்ற உறுப்புகள் செல்லின் வகைக்கும் அது செய்யும் வேலைக்கும் ஏற்ப வேறுபடுகின்றன.

வரலாறு

1665இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அதில் தெரிந்த சிற்றறைகளுக்குச் செல் என்று பெயரிட்டார். அவர் கண்டவை இறந்த செல்களின் சுவர்கள். உட்கருவை ராபர்ட் பிரவுன் 1831இல் விவரித்தார். 1838–39இல் ஷ்லைடனும் ஷ்வானும் செல் கொள்கைக்கு அடித்தளமிட்டனர். செல்லின் உள்ளமைப்பை எலக்ட்ரான் நுண்ணோக்கி கொண்டும் பிற முறைகளிலும் ஆராய்ந்த ஆல்பர்ட் கிளாட், கிறிஸ்டியன் டி துவே, ஜார்ஜ் பலாடே ஆகியோர் 1974இல் நோபல் பரிசு பெற்றனர்.

இரு பெரும் வகைகள்

பாக்டீரியாக்களும் ஆர்க்கியாக்களும் புரோகேரியோட்டிக் செல்கள். இவற்றின் டி.என்.ஏ. சவ்வால் சூழப்படாமல் சைட்டோபிளாசத்திலேயே இருக்கும். பெரும்பாலானவை சில மைக்ரோமீட்டர் நீளமே உள்ளவை. தாவர, விலங்கு, பூஞ்சைச் செல்கள் யூகேரியோட்டிக் வகை. இவற்றில் சவ்வு சூழ்ந்த உட்கருவும் நுண்ணுறுப்புகளும் உண்டு.

நுண்ணுறுப்புகள்

ரைபோசோம்கள் ஒட்டிய எண்டோபிளாச வலையில் உருவாகும் புரதங்களைக் கோல்கை உறுப்பு பக்குவப்படுத்தி, சேரவேண்டிய இடத்துக்கு அனுப்புகிறது. லைசோசோம்கள் பழுதடைந்த பொருள்களைச் செரிக்கின்றன. மைட்டோகாண்ட்ரியா உணவிலிருந்து பெறும் ஆற்றலை ஏ.டி.பி. மூலக்கூறுகளாக மாற்றுகிறது. தாவரச் செல்லில் இவற்றோடு செல்லுலோஸ் சுவர், பெரிய வாக்குவோல், பச்சைப் பகுதிகளில் ஒளிச்சேர்க்கை நடத்தும் பசுங்கணிகம் ஆகியவையும் உள்ளன. மைட்டோகாண்ட்ரியாவும் பசுங்கணிகமும் தமக்கென டி.என்.ஏ. கொண்டவை. பழங்காலத்தில் வேறொரு செல்லுக்குள் குடியேறிய பாக்டீரியாக்களே இவ்வுறுப்புகளாயின என்ற கருத்தை லின் மார்குலிஸ் 1967இல் விரிவாக முன்வைத்தார். இன்று அது பரவலாக ஏற்கப்பட்டுள்ளது.

வேலைக்கேற்ற அமைப்பு

இடைவிடாது சுருங்கி விரியும் இதயத்தசைச் செல்களில் மைட்டோகாண்ட்ரியா மிகுதி. செரிமான நொதிகளைச் சுரக்கும் கணையச் செல்களில் எண்டோபிளாச வலை அடர்ந்திருக்கும். முதிர்ந்த மனித இரத்தச் சிவப்பணு உட்கருவையும் மைட்டோகாண்ட்ரியாவையும் இழந்துவிடுகிறது. அதனால் ஹீமோகுளோபினுக்கு அதிக இடம் கிடைக்கிறது. சுமந்து செல்லும் ஆக்சிஜனை அது தானே செலவழிப்பதுமில்லை. ஆனால் புதிய புரதங்களை உருவாக்க முடியாததால் சுமார் 120 நாள்களே வாழும்.

மருத்துவ முக்கியத்துவம்

பாக்டீரியச் செல்லுக்கும் மனிதச் செல்லுக்கும் உள்ள வேறுபாடே பல நுண்ணுயிர்க்கொல்லிகளின் அடிப்படை. பெனிசிலின் பாக்டீரியாவின் செல்சுவர் உருவாவதைத் தடுக்கிறது. மனிதச் செல்லுக்குச் சுவர் கிடையாது. காசநோய்க்குத் தரப்படும் ஸ்ட்ரெப்டோமைசின், பாக்டீரியாவின் 70எஸ் ரைபோசோமைத் தாக்குகிறது. மனிதச் செல்லின் சைட்டோபிளாசத்தில் இருப்பதோ 80எஸ் ரைபோசோம். இத்தகைய வேறுபாடுகளால்தான் இம்மருந்துகள் நோயாளியின் செல்களைப் பெருமளவு விட்டுவிட்டு நோய்க்கிருமியைத் தாக்க முடிகிறது.