எண்ணூர் பேய்க்கதையும் மக்கள் பணமும்: அனிமேஷன் வெப் சீரிஸுக்கு க்ரவுட் ஃபண்டிங் சரிப்பட்டு வருமா?

2023 டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பம், சின்னகுப்பம் பகுதிகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண் எரிச்சலும் மூச்சுத்திணறலுமாக எழுந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். எதிலிருந்து ஓடுகிறோம் என்பது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு என்ற விவரம் பிறகுதான் வந்தது.

திகில் கதைக்கான களத்தை இந்தப் பக்கம் தேடி அலைய வேண்டியதே இல்லை. 2017-ல் மூடப்பட்ட எண்ணூர் அனல் மின் நிலையம், சாம்பல் படிந்த கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம், 1856-ல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையம், ராத்திரி முழுக்க வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள். ஆனால் சினிமாவுக்கு வடசென்னை என்றால் கத்தியும் கேங்கும்தான். 'இதை வைத்து கம்ப்யூட்டர் அனிமேஷனில் ஒரு திகில் வெப் சீரிஸ் எடுக்கப் போறேன்' என்று புதியவர் ஒருவர் போய் நின்றால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மிச்சமிருக்கும் வழி, பார்க்கப்போகும் மக்களிடமே பணம் கேட்பது. அதாவது க்ரவுட் ஃபண்டிங்.

இப்படி யாராவது எடுத்திருக்கிறார்களா?

எடுத்திருக்கிறார்கள். குஜராத் பால் கூட்டுறவு விவசாயிகள் 5 லட்சம் பேர் தலைக்கு 2 ரூபாய் போட்டு உருவான படம் ஷியாம் பெனகலின் 'மந்தன்' (1976). கேரளாவில் ஜான் ஆபிரகாமின் ஒடேஸா குழு ஊர் ஊராகப் போய்ப் படம் போட்டுக் காட்டி, கூடியவர்களிடம் காசு வசூலித்து 'அம்மா அறியான்' (1986) எடுத்தது. இன்டர்நெட் வந்த பிறகு வசூல் வேகம் கூடியது. கன்னட இயக்குநர் பவன் குமார் தன் வலைப்பதிவில் மனம் திறந்து எழுத, சுமார் 110 பேர் 27 நாட்களில் ஏறக்குறைய 50 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அந்தப் படம்தான் 'லூசியா' (2013). தமிழில் சித்தார்த் நடித்து 'எனக்குள் ஒருவன்' ஆனது. தமிழில் லீனா மணிமேகலையின் 'மாடத்தி' (2019) மக்கள் பணத்தில் உருவானது. ஒடுக்கப்பட்ட ஒரு பெண் தெய்வமாகும் கதை அது. திகில் வகையில் நெருக்கமான உதாரணம், பாஸ்கர் ஹசாரிகாவின் அசாமியப் படம் 'கொத்தனோடி' (2015). நாட்டுப்புறக் கதைகளை ரத்தம் உறையும்படி சொன்ன அந்தப் படத்துக்கும் ஒரு பகுதிப் பணம் இப்படித்தான் வந்தது.

அனிமேஷனுக்கு?

'புண்யகோடி'யைப் பார்க்க வேண்டும். கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று புலியிடம் வாக்குக் கொடுத்து, சொன்னபடி திரும்பி வரும் பசுவின் கதை. ரவிசங்கர் என்பவர் இதை சம்ஸ்கிருதத்தில் அனிமேஷன் படமாக எடுத்தார். இசை இளையராஜா. சம்ஸ்கிருத அனிமேஷனுக்கு எந்தத் தயாரிப்பாளர் வருவார்? விஷ்பெரி என்ற இந்தியத் தளத்தில் பொதுமக்களிடம் கேட்டு சுமார் 40 லட்சம் ரூபாய் திரட்டினார்கள். பெரிய ஸ்டூடியோ கிடையாது. வெவ்வேறு ஊர்களில் இருந்த அனிமேட்டர்கள் அவரவர் இடத்திலிருந்தே வேலை செய்தார்கள். பணம் திரட்டியது 2015-ல். நெட்ஃபிளிக்ஸில் வந்தது 2020-ல். இந்த இடைவெளியைப் பணம் கேட்பவரும் கொடுப்பவரும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

வெளிநாட்டில் மாதச் சந்தா முறைக்கு நல்ல உதாரணம் 'ஹஸ்பின் ஹோட்டல்'. நரகத்தில் நடக்கும் கதை. பேட்ரியான் தளத்தில் ரசிகர்கள் கொடுத்த பணம்தான் அதன் முதல் எபிசோடுக்குப் பெரிய பலம். 2019-ல் யூடியூபில் வெளியாகி ஹிட்டடித்து, 2024-ல் அமேசான் பிரைமில் முழுத் தொடராக வந்தது.

அவ்வளவு பணம் எதுக்கு?

சாஃப்ட்வேருக்கு இல்லை. பிளெண்டர் முற்றிலும் இலவசம். அதன் கதையே சுவாரசியம்: 2002-ல் அதை உருவாக்கிய நிறுவனம் மூடப்பட்டபோது, பயனாளர்கள் ஏழே வாரத்தில் 1 லட்சம் யூரோ திரட்டி அதை மீட்டு, எல்லோருக்கும் இலவசமாக்கினார்கள். க்ரவுட் ஃபண்டிங் என்ற பெயர் பிரபலமாகும் முன்பே நடந்த க்ரவுட் ஃபண்டிங் அது. 2025-ல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் 'ஃப்ளோ' பிளெண்டரில் செய்ததுதான்.

செலவு ஆட்களுக்கும் நேரத்துக்கும். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம் என்றால், 10 நிமிட எபிசோடுக்கு 14,400 ஃபிரேம். ஒரு ஃபிரேமை ரெண்டர் செய்ய 5 நிமிடம் ஆனால் மொத்தம் 1,200 மணி நேரம். ஒரே கம்ப்யூட்டர் என்றால் 50 நாள் ராப்பகலாக ஓட வேண்டும், கரன்ட் போகாமல். கரன்ட் பில் தனிக் கதை. உருவத்தைச் செய்வது, அதற்கு எலும்புக்கூடு மாட்டி அசைய வைப்பது, வெளிச்சம், குரல், ஒலி எல்லாம் இதற்கு வெளியே.

இதில் திகிலுக்கு ஒரு சலுகை உண்டு. இருட்டு பாதி செட்டை மறைத்துவிடும். பகல் நேரக் காசிமேடு ஏலக்கூடத்தை அனிமேஷனில் காட்ட நூறு முகம் வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு அதே இடத்தில் ஒரு லைட்டும் நாலு ஐஸ் பெட்டியும் போதும். பயம் காது வழியாகத்தான் பாதி வருகிறது. கப்பல் ஹாரனும் லாரி பிரேக் சத்தமும் அந்தப் பகுதி ஆட்களின் குரலும் உள்ளூரிலேயே கிடைக்கும்.

காசு கொடுத்தா என்ன கிடைக்கும்?

சிக்கலே இங்கேதான் தொடங்குகிறது. நன்கொடையாக வாங்கலாம். டைட்டிலில் பெயர், போஸ்டர், டி-ஷர்ட், முன்கூட்டியே பார்க்கும் வாய்ப்பு என்று பரிசும் தரலாம். ஆனால் 'ஆயிரம் போடுங்க, லாபத்துல பங்கு தர்றோம்' என்று ஃபேஸ்புக்கில் பதிவு போட்டால் கதை வேறு. பொதுமக்களிடம் இப்படி முதலீடு திரட்ட செபி அனுமதி வேண்டும். 2014-ல் இதற்கென ஆலோசனை அறிக்கை வெளியிட்ட செபி, 2016-ல் அங்கீகாரமில்லாத தளங்கள் பற்றி முதலீட்டாளர்களை எச்சரித்தது. பிரைவேட் கம்பெனி தொடங்கினாலும், 2013 கம்பெனிகள் சட்டப்படி ஒரு நிதியாண்டில் குறிப்பிட்ட 200 பேருக்கு மேல் பங்குகளை வழங்க முன்வர முடியாது. அதையும் விளம்பரம் செய்து விற்கக் கூடாது.

'லாபம் வேண்டாம், அசலைத் திருப்பித் தர்றோம்' என்பதும் ஆபத்துதான். திருப்பித் தருவதாகச் சொல்லி ஊரெல்லாம் வாங்கும் பணம் டெபாசிட் ஆகிவிடும். முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ம் ஆண்டு சட்டத்தில் இதற்கு 2 முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு. ஆருத்ரா வழக்குக்குப் பிறகு தமிழ்நாட்டில் பொருளாதாரக் குற்றப்பிரிவு என்ற பெயர் தெரியாத வீடு கிடையாது. டி-ஷர்ட்டுக்கு வாங்கும் முன்பணம் விதிவிலக்கு. ஆனால் பொருளும் போகாமல், திருப்பித் தர வேண்டிய பணத்தை 15 நாளுக்கு மேல் வைத்திருந்தால் அதுவும் டெபாசிட்டாகக் கருதப்படும். நல்ல எண்ணத்தில் தொடங்கும் இளைஞர்கள் மாட்டிக்கொள்வது இந்த மாதிரி வார்த்தைகளில்தான்.

வரியும் உண்டு. சொந்தக்காரர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருடத்தில் வரும் அன்பளிப்பு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், முழுத் தொகையும் வருமானமாகவே கணக்கிடப்படும். சொந்த ஜிபே எண்ணைப் போட்டு வசூலித்தால் இதில் சிக்க வாய்ப்பு அதிகம். ஒரு நிறுவனமாகப் பதிவு செய்து, தனி வங்கிக் கணக்கில் தொழில் வரவாகக் காட்டினால் செலவைக் கழித்துக்கொள்ளலாம். சேவை மூலம் வரும் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு தேவை. ஆரம்பத்திலேயே ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுவது செலவில்லை, மிச்சம்.

எந்தத் தளம்?

கிக்ஸ்டார்ட்டரில் இந்தியாவில் இருப்பவர் நேரடியாகத் திட்டம் தொடங்க முடியாது. ஆதரவு மட்டும் தரலாம். மிலாப், கெட்டோ இரண்டும் இங்கே பெரும்பாலும் மருத்துவச் செலவுக்காக அறியப்பட்டவை. கலைக்கென்றே வளர்ந்த விஷ்பெரி, இலக்கை எட்டினால்தான் பணம், இல்லையென்றால் எல்லோருக்கும் திருப்பி அனுப்பு என்ற முறையில் பேர் வாங்கியது. தொடருக்கு யூடியூப் மெம்பர்ஷிப், பேட்ரியான் போன்ற மாதச் சந்தா பொருந்தும். ஆனால் சந்தா கேட்கும் முன் காட்ட ஏதாவது கையில் இருக்க வேண்டும். ஒடேஸா குழு செய்ததும் அதுதான்: முதலில் படம், பிறகு வசூல். இரண்டு நிமிட பைலட்டை திருவொற்றியூரில் ஒரு தெருச் சுவரில் புரொஜெக்டர் போட்டுக் காட்டினால், 'எங்க ஏரியா மாதிரியே இல்ல' என்று அங்கேயே ஒருவர் சொல்லிவிடுவார். ஆன்லைனில் விழும் லைக்கை நம்புவதைவிட அது உபயோகம்.

பணம் போடுபவர் என்ன பார்க்கணும்?

2015-ல் அமெரிக்கப் பேராசிரியர் ஈத்தன் மாலிக் செய்த ஆய்வில், கிக்ஸ்டார்ட்டரில் இலக்கை எட்டிய திட்டங்களில் 9 சதவீதம் சொன்ன பரிசைத் தரவில்லை என்று தெரியவந்தது. அதனால் முழு சீசனுக்குக் கேட்பவரைவிட, ஒரு எபிசோடுக்குக் கேட்பவரிடம் பணம் போடுவது பாதுகாப்பு. பைலட் உண்மையில் அவர்கள் செய்ததா, செலவு விவரம் இருக்கிறதா, பணம் தனிநபர் கணக்குக்குப் போகிறதா, தாமதமானால் என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். கேள்வி கேட்டவரை பிளாக் செய்தால் பதில் கிடைத்துவிட்டது.

எண்ணூர் கதைக்கு மட்டும் கூடுதலாக ஒரு கேள்வி உண்டு. அந்த டிசம்பர் ராத்திரியில் குழந்தையோடு ஓடியவர்கள் இன்றும் அதே தெருவில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிய கதையா, அவர்களுக்குத் தெரியாமல் எடுத்த கதையா என்பதை, பணம் கேட்கும் பக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.