ராத்திரி ரெண்டரை மணிக் காப்பி

தலைப்பைப் பார்த்து ஃபில்டர் காப்பின்னு ஓடி வந்தவங்க மன்னிக்கணும். இது பொட்டி தட்டுறவன் காப்பி :-)

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கலாம். 1996 ஜூன்ல, ஆஸ்திரேலியாவுல, ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் ஆர்சிங்க்னு ஒரு நிரலை வெளியிட்டாங்க. சாம்பா எழுதினாரே, அதே ட்ரிட்ஜெல்தான். அவங்க எடுத்துக்கிட்ட சிக்கல் இதுதான்: இங்கே புதுக் கோப்பு, மெதுவான இணைப்புக்கு அந்தப் பக்கம் அதோட பழைய பிரதி. மாறினது நாலு வரி. முழுசையும் எதுக்கு அனுப்பணும்? ஆனா ரெண்டும் ஒரே இடத்துல இல்லாம வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிக்கறது?

பழைய பிரதி வெச்சிருக்கற பொட்டி, அதைத் துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு சரிபார்ப்பு எண் அனுப்பும். ஒண்ணு 32 பிட், சட்டுனு பாக்க. இன்னொண்ணு 128 பிட், உறுதி பண்ண. புதுக் கோப்பு இருக்கற பொட்டி பைட் பைட்டா நகர்ந்து அதே எண் எங்கே வருதுன்னு தேடும். நகரும்போது 32 பிட் எண்ணை முதல்லேர்ந்து கணக்குப் போட வேண்டாம்; வெளியே போற பைட்டைக் கழிச்சு, உள்ளே வர்றதைச் சேர்த்தா போதும். சூட்சுமமே அதுலதான். நடுவுல ஒரு வார்த்தையைச் செருகினாலும் மிச்சம் பொருந்திடும். 2003-ல லிங்க்-டெஸ்ட்னு ஒரு வசதி சேர்ந்தது. தினம் ஒரு முழு அடைவு மாதிரி தெரியும், மாறாத கோப்புகள் கூடுதலா இடம் பிடிக்காது.

இதை ராத்திரியில எழுப்பி விடற க்ரான் இன்னும் மூத்தது. 1979-ல வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே உண்டு. இப்போ அது ஓட்டற நிரல் ஏதாவது வெளியீடு தந்தா அதே பொட்டியில இருக்கற பயனர் கணக்குக்கு மெயில் போடும். எல்லாரும் ஒரே கணினியில வேலை பார்த்து, அங்கேயே மெயிலும் படிச்ச காலத்துப் பழக்கம்.

அங்கேதான் நான் மாட்டினேன். நெல்லை வீட்டுல, அம்மா துணி போட்டு மூடி வெச்சிருக்கற பொட்டியில குடும்பப் படங்கள். தினமும் ரெண்டரைக்கு ஒரு வாடகை சர்வருக்குப் போகும். இங்கே புனேயில ஆணி அதிகமா இருந்த ஒரு வாரம், அந்த சர்வரை அழிச்சு லினக்ஸைப் புதுசாப் போட்டேன். அடையாளச் சாவி மாறிடுச்சு. எஸ்எஸ்ஹெச் சந்தேகப்பட்டுக் கதவைச் சாத்திடுச்சு. நாலு மாசம் கழிச்சு, படம் இருந்த டிஸ்க் செத்தது. இன்னொரு டிஸ்க்ல மெயிலைத் திறந்தா, நாளைக்கு ஒண்ணா க்ரான் போட்ட கடுதாசிகள், ஒண்ணும் பிரிக்காம. அப்பாவோட கடைசித் தீபாவளி அந்த நாலு மாசத்துக்குள்ளதான் வந்தது. தங்கச்சி போன்ல ரெண்டு படம் மிச்சம்.

பெரிய இடத்துலயும் நடந்திருக்கு. 2017 ஜனவரி 31-ல கிட்லேப் ஆளு ஒருத்தர் தவறுதலா முதன்மைத் தரவுத்தளத்தை அழிச்சார். காப்பியைத் தேடினா, பதிப்பு பொருந்தாம அது எடுக்கப்படவே இல்லை. எச்சரிக்கை மெயில்களைப் பெறுற சர்வர் நிராகரிச்சுட்டே இருந்திருக்கு. சுமார் ஆறு மணி நேரத் தரவு போச்சு. அவங்களே இதை விலாவாரியா எழுதி வெளியிட்டாங்க.

இப்பல்லாம் மாசம் ஒண்ணாந்தேதி சர்வர் காப்பியிலேர்ந்து ஒரு படத்தை இறக்கி அம்மாவுக்கு அனுப்பறேன். "இது எந்த வருஷம்டா?"ன்னு கேக்கறாங்க. பாதி எனக்கும் தெரியலை.