ஊடுகதிரும் தோல் புற்றும்

இராமாநுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இன்று தொழிற்சாலைகள் நிரைநிரையாக நிற்கின்றன. அவற்றுள் ஒன்றில் என் பழைய மாணவர் ஒருவர் வேலை பார்க்கிறார். சிறுவனாயிருந்தபோது தீயில் வெந்த அவர் காலில், அந்தப் பழைய தழும்பின் மீது ஒரு புண் தோன்றி, ஏழு மாதமாகியும் ஆறவில்லை. அவரோ மருத்துவரிடம் செல்லாமல், உடல் முழுவதையும் ஸ்கேன் எடுப்பதற்காகப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். “படம் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடுமே, ஐயா!” என்றார்.

மாணவர்களே, படம் என்பதே இல்லாத காலத்திலும் இந்நோயை அறிந்தவர் இருந்தனர். காஷ்மீரத்து மக்கள் குளிருக்காகக் காங்கிரி என்னும் தணற்சட்டியை ஆடைக்குள் வைத்துக்கொள்வர். அது சுட்ட வயிற்றிலும் தொடையிலும் புற்று எழுவதை எல்ம்ஸ்லி என்ற மருத்துவர் 1866இலேயே எழுதி வைத்தார். கண்ணும் கையுமே அவருக்குத் துணை.

1895 நவம்பர் 8ஆம் நாள் செருமானிய அறிஞர் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். மறு ஆண்டே அறுவை மருத்துவர்கள் உடலில் பாய்ந்த குண்டுகளை அதைக்கொண்டு தேடலாயினர். ஆயினும் உள்ளே காட்டிய அக்கதிர் வெளியே தோலைச் சுட்டது. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, தம் கைகளையே கதிரின் முன் மீண்டும் மீண்டும் நீட்டிச் சோதித்தவர். அவர் தோலில் புற்று வந்தது. கைகளை வெட்டியும் பயனின்றி 1904இல் மாண்டார். எடிசன் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார். இதைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் கலங்கும்.

பின்னர்க் காப்பு முறைகள் வகுக்கப்பெற்றன. சென்னையில் 1934இல் பர்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பெற்றது. 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியின் மூளையைப் படம்பிடித்தது.

இவ்வளவு கருவிகள் இருந்தும், தோலில் எழுந்த கட்டி புற்றா அன்றா என்பதைத் தீர்த்துச் சொல்வது, அதிலிருந்து கிள்ளியெடுத்த சிறு தசையை நுண்ணோக்கியில் பார்ப்பதே. சிறிய, மேலோட்டமான புற்றாயின் பெரும்பாலும் ஸ்கேன் இன்றியே அறுத்தெடுப்பர். எலும்பையோ நரம்பையோ தொட்டிருக்கும், நெறிக்கட்டிற்குப் பரவியிருக்கும் என்ற ஐயம் எழுந்தால், எதுவரை அறுப்பது என்று முன்கூட்டி அறியப் படம் பெரிதும் உதவும்.

மாணவரை வற்புறுத்தி, காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அண்ணா பெயரால் விளங்கும் புற்றுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். தசைச் சோதனை புற்று என்றது. மருத்துவர் தொடையிடுக்கை அழுத்திப் பார்த்தார். ஒரு கட்டி தட்டுப்பட்டது. அதன் பிறகே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எலும்பில் நோய் ஏறவில்லை என்று படம் காட்டியது. வீங்கிய நெறிக்கட்டைப் பற்றி அதனால் உறுதி கூற இயலவில்லை. ஊசியால் எடுத்துச் சோதித்ததில் வெறும் அழற்சி என்று தெரிந்தது.

புண்ணை மட்டும் அகற்றி, தொடைத்தோலை எடுத்து ஒட்டினார்கள். கால் பிழைத்தது. இப்போது அவர் மீண்டும் வேலைக்குப் போகிறார்.