ஒடியும் வில்

வில்லை ஒடித்துப் புகழ்பெற்றவன் இராமன். மோட்டார் எஞ்சின் செய்தவர்களுக்கோ ஒடிந்த வில் ஒவ்வொன்றும் ஒரு தோல்வி. எஞ்சினுக்குள் வால்வை மூடும் சிறு சுருள்வில்லைத்தான் சொல்கிறேன். அந்தக் கம்பிச்சுருள் பல பத்தாண்டுகள் பொறியாளர்களைத் தூங்கவிடவில்லை.

தொடக்ககால எஞ்சின்களில் உள்ளிழுக்கும் வால்வை மெல்லிய வில் ஒன்று மூடி வைத்திருக்கும். பிஸ்டன் கீழிறங்கும்போது எழும் உறிஞ்சுவிசையே அதைத் திறந்துவிடும். நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகளுக்கு அது போதுமானதாக இருந்தது. வேகம் கூடக்கூட வால்வு காலம் தவறியது. 1901இல் வந்த 35 குதிரைத்திறன் மெர்சிடீஸில் வில்ஹெல்ம் மேபாக் இந்த வால்வையும் கேம் தண்டு கொண்டே திறக்கச் செய்தார். திறப்பது கேமின் வேலையாயிற்று. மூடுவது வில்லின் பொறுப்பாகவே நின்றது.

அந்தப் பொறுப்பு எளிதன்று. 3000 சுற்றுகளில் ஓடும் நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு வால்வு நொடிக்கு 25 முறை, மணிக்கு 90,000 முறை திறந்து மூடுகிறது. வில் தளர்ந்தால் வால்வு கேமை விட்டுத் துள்ளும். ஒடிந்தால் பிஸ்டனில் மோதி எஞ்சினையே சிதைக்கவும் கூடும். தடித்த வில்லை மாட்டினாலோ கேம் தேய்ந்தது; வில்லின் எடையும் கூடியது.

வில்லையே ஒழித்துவிட்டால் என்ன? பிரான்சின் டெலாஜ் நிறுவனம் அப்படித்தான் எண்ணியது. திறக்க ஒரு கேம், மூட இன்னொன்று. அந்தக் கார்கள் 1914 ஜூலை 4 அன்று லியோனில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் ஓடின. முதல் மூன்று இடங்களையும் வென்றவை வில் பூட்டிய மெர்சிடீஸ் கார்கள். அடுத்த மாதமே இரு நாடுகளும் போரில் இறங்கின.

நோயின் வேர் வேறிடத்தில் இருந்தது. வீணைத் தந்தியைப் போல வில்லுக்கும் தனக்கென ஓர் அதிர்வெண் உண்டு. கேமின் தாளத்தின் மடங்கு ஒன்று அதனோடு இசைந்துவிட்டால் சுருள்களுக்குள் அலை எழுந்து ஓடும்; கம்பி கணக்குக்கு மீறிய சுமையைத் தாங்க நேரிடும். இது புரிந்தபின் மருந்தும் கிடைத்தது. வேறுவேறு அதிர்வெண் கொண்ட இரு வில்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தார்கள். ஒரு முனையில் சுருள்களை நெருக்கிச் சுற்றினார்கள். கேமின் வளைவை மென்மையாக்கினார்கள்.

எஞ்சியது கம்பியின் மேற்பரப்பு. கண்ணுக்குத் தெரியாத கீறலில்தான் முறிவு பிறக்கிறது. சிறு எஃகுக் குண்டுகளை வேகமாக வீசி மேற்பரப்பை இறுக்கும் முறை 1930களில் வேரூன்றியது. ஜெனரல் மோட்டார்ஸின் ஜான் ஆல்மென் அதை முறையாக ஆராய்ந்தார். அந்த வேலையின் அளவைக் கணிக்கும் எஃகுப் பட்டை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்வும் உண்டு. 1954 ஜூலை 4, லியோன் பந்தயத்தின் நாற்பதாம் ஆண்டு நாள். ரீம்ஸில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் முதலிரு இடங்களைப் பிடித்தவை மீண்டும் மெர்சிடீஸ் கார்களே. இம்முறை அவற்றின் வால்வுகளுக்கு வில் இல்லை! டெலாஜின் பழைய கனவு எதிராளியின் கையில் பலித்தது. ஆயினும் நம் தெருக்களில் ஓடும் பெட்ரோல், டீசல் கார்களுள் மிகப் பெரும்பாலானவற்றில் இன்றும் வால்வை மூடுவது அந்தச் சுருள்வில்தான்.