27 கிலோ சுமை: கேமரா காட்டுக்குப் போன கதை

சஃபாரி என்றதும் நமக்குத் திறந்த ஜீப்பும் நீளமான லென்சும்தான் கண்ணில் தெரியும். ஆனால் ஸ்வாஹிலி மொழியில் அந்தச் சொல்லுக்குப் பயணம் என்றுதான் பொருள். அரபியின் 'சஃபர்' அதன் மூலம். நம்மூர் முஸ்லிம்கள் கடல் கடந்து பிழைக்கப் போனவரை 'சபுராளி' என்பார்களே, அதுவும் இதே வேர்தான்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் அந்தப் பயணம் நூறு வருஷத்துக்கு முன்பு மனிதத் தலையில் நடந்தது. மாட்டு வண்டி ஏன் இல்லை என்று கேட்கலாம். ட்செட்சி ஈ பரப்பும் நோய், மாட்டையும் குதிரையையும் கொன்றுவிடும். அதனால் பல தடங்களில் சுமைகூலிகளை விட்டால் வேறு வழி கிடையாது. ஓர் ஆளுக்கு வழக்கமான சுமை 60 பவுண்டு, அதாவது சுமார் 27 கிலோ. பெட்டி கட்டுவதன் கணக்கு முழுக்க இந்த எண்ணில்தான் தொடங்கியது.

இந்தக் கணக்குக்குள் கேமராவைப் பெரிய அளவில் நுழைத்தவர்களில் ஒருவர் ஜெர்மானியர் கார்ல் ஜார்ஜ் ஷில்லிங்ஸ். அன்றைய ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில், கிளிமஞ்சாரோவைச் சுற்றிய மாசாய் சமவெளிகளில் அவர் இரவில் படம் எடுத்தார். பளிச்சொளியும் துப்பாக்கியும் என்று பொருள்படும் தலைப்பில் அவர் புத்தகம் 1905-ல் வந்தது.

அவருடைய பெட்டிகளைக் கொஞ்சம் மனசில் திறந்து பாருங்கள். அப்போது படம் பதிவானது கண்ணாடித் தகட்டில். கனம் ஒரு பக்கம், கீழே விழுந்தால் சுக்குநூறு. தகட்டின் மேல் பூசியிருப்பது ஜெலட்டின். வெந்நீர் மாதிரி இருக்கும் தண்ணீரில் கழுவினால் இளகிவிடும். ஒளிக்கு மெக்னீசியத் தூள். அதை ஆக்சிஜன் தரும் உப்போடு கலந்துவிட்டால் கிட்டத்தட்ட வெடிமருந்துதான். இதெல்லாம் போக கேமராக்கள், ரசாயனங்கள், கூடாரம், துப்பாக்கி.

இங்கேதான் கணக்கு வேடிக்கையாகிறது. ஒரு பெட்டி கூடினால் ஓர் ஆள் கூடும். ஆள் கூடினால் அவருக்குத் தானியம் வேண்டும். தானிய மூட்டையைச் சுமக்க இன்னோர் ஆள், அவருக்கும் சாப்பாடு! கூட்டம் பெருகினால் கறிக்கு வேட்டையாட வேண்டும். ஆக, கேமரா கூடக்கூட துப்பாக்கிக்கும் வேலை கூடியது. படம் எடுக்கப் போனவர் கொல்லாமல் திரும்பினார் என்று நாம் நினைத்துக்கொள்வது அன்றைக்குப் பொருந்தாது. ஷில்லிங்ஸே அருங்காட்சியகங்களுக்காக நிறையச் சுட்டவர். சிங்கத்தைப் படம் பிடிக்க உயிருள்ள கழுதையையும் மாட்டையும் கட்டிப்போட்டவர். அதே மனுஷன்தான், இந்த விலங்குகள் அழிந்துகொண்டிருக்கின்றன என்று எழுதி எழுதி எச்சரித்தார்.

1909-ல் கிளம்பிய தியோடர் ரூஸ்வெல்ட்டின் சஃபாரியில் இந்த முரண் இன்னும் அப்பட்டம். மகன் கெர்மிட் கையில் கேமரா இருந்தது. சாமான்களில் தோல்களைப் பதப்படுத்த 4 டன் உப்பும் இருந்தது. 200-க்கு மேற்பட்ட சுமைகூலிகள். அப்பாவும் மகனும் சுட்டது 512 விலங்குகள். பெட்டியில் எது அதிக எடையோ அதுதான் பயணத்தின் நோக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த 4 டன் உப்பைப் பார்த்தாலே போதும்.

இன்றைக்குக் கணக்கு சுருங்கிவிட்டது. நைரோபியிலிருந்து மாசாய் மாராவுக்குப் போகும் குட்டி விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோதான் அனுமதி. அதுவும் கைப்பையோடு சேர்த்து. வளைந்து கொடுக்கும் துணிப்பைதான் வேண்டும். உருட்டுப் பெட்டிக்கு அங்கே இடமில்லை. ஆகவே கனமான முக்காலி வேண்டாம். ஜீப் விளிம்பில் வைக்கும் பீன் பையைக் காலியாக மடித்துக் கொண்டுபோய், அங்கே அரிசியோ பயறோ போட்டு நிரப்பலாம். லித்தியம் பேட்டரிகள் கையோடு வரும் பையில்தான் இருக்க வேண்டும். அங்குள்ள பிளக் பிரிட்டிஷ் பாணிச் சதுர முள். நம்மூர் உருண்டை முள் ஏறாது, அடாப்டர் தேவை.

செம்மண் தூசிக்குப் பயந்து கேமராவை பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுபோகிறவர்கள் கவனிக்க: கென்யா 2017 ஆகஸ்டிலும் டான்சானியா 2019 ஜூனிலும் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்துவிட்டன. பழைய தலையணை உறை ஒன்றே போதும்ங்க. லென்ஸ் மாற்றுவதைக் குறைத்தால் பாதித் தொல்லை போச்சு.

ஆனால் இதில் என்னை உறுத்துவது வேறு. ஓர் அபூர்வப் படம் நமக்குக் கிடைத்ததென்றால், அந்தக் கண்ணாடித் தகடு யாரோ ஒருவர் தலையில் வாரக்கணக்கில் உடையாமல் நடந்து வந்திருக்கிறது. படத்தின் கீழே எடுத்தவர் பெயர் இருக்கும். சுமந்தவர் பெயர் இருப்பது அபூர்வம். இன்று சுமைகூலி இல்லை, ஓட்டுநரும் வழிகாட்டியும் இருக்கிறார்கள். சிறுத்தை எந்த மரத்தில் இருக்கிறது என்று முதலில் பார்ப்பது பெரும்பாலும் அவர்கள் கண்தான். படத்தைப் பகிரும்போது, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அவர்கள் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். அதற்கு எடை கிடையாது.