மாத்திரையா, ஊசியா? கேட்டறிந்த பின் முடிவெடுப்போம்

கைக்குழந்தையோடு ஆலங்குடி அரசு மருத்துவமனைக்குச் செல்லும் இளம் தாய்மாரிடம், அடுத்த குழந்தைக்கு இடைவெளி வேண்டுமா என்று கேட்பது வழக்கம். மாமியாரும் கணவரும் பதில் சொல்லிவிடுவதும் வழக்கமே. ஆனால் மருந்து செல்வது அந்தப் பெண்ணின் உடலுக்குள். எனவே பின்விளைவுகளை அவர் அறிந்திருக்க வேண்டும்.

'மாலா-என்' அட்டையில் உள்ள 28 மாத்திரைகளில் 21-ல் மட்டுமே ஹார்மோன் உண்டு. மீதி 7 இரும்புச்சத்து. குமட்டல், தலைவலி தொடக்கத்தில் வரலாம். இரத்தக்குழாயில் இரத்தம் உறைவது அரிது என்றாலும் அதுவே பெரிய ஆபத்து. உயர் இரத்த அழுத்தம், கண்ணில் ஒளி மின்னும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும், ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டுவோருக்கும் இது ஏற்றதல்ல.

2017-ல் அரசுத் திட்டத்தில் சேர்ந்த 'அந்தரா' மூன்று மாதத்திற்கு ஒருமுறை போடும் ஊசி. முதலில் ஒழுங்கற்ற உதிரப்போக்கு, பிறகு மாதவிலக்கே நின்றுபோதல் சகஜம். கெட்ட இரத்தம் வயிற்றில் தங்கிவிடும் என்று நம் ஊரில் அஞ்சுகிறார்கள், அது உண்மையல்ல. எலும்பின் அடர்த்தி குறைவது உண்மை. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் மீளும். ஓராண்டுக்கு மேல் போட்டுக்கொண்டவர்களுக்கு மூளை உறைக்கட்டி வரும் வாய்ப்பு கூடுவதாக 2024-ல் பிரெஞ்சு ஆய்வு கூறியது. ஆயினும் அக்கட்டி அரிதே. மாத்திரையை இன்றே நிறுத்தலாம், போட்ட ஊசியை எடுக்க முடியாது. மீண்டும் கருத்தரிக்கக் கடைசி ஊசியிலிருந்து ஏழு முதல் பத்து மாதங்கள் ஆகலாம்.

ஊசி மீதான சந்தேகத்திற்குக் காரணம் உண்டு. 1980-களில் அன்றைய ஆந்திராவின் பட்டஞ்சேருவில், விவரம் சொல்லாமலே 'நெட்-என்' ஊசிச் சோதனைக்குப் பெண்களை அழைத்தார்கள். பெண்கள் அமைப்பான ஸ்திரீ சக்தி சங்கடனா 1986-ல் உச்ச நீதிமன்றம் சென்றது.

லக்னோவில் உருவான 'சாயா'வில் ஹார்மோன் இல்லை. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு ஒருமுறை. மாதவிலக்கு தள்ளிப்போகலாம்.

திருத்தந்தை ஆறாம் பவுலின் 1968-ஆம் ஆண்டு சுற்றுமடல் செயற்கைக் கருத்தடையை ஏற்பதில்லை. ஆனால் நோய் தீர்க்கும் மருத்துவத்தை அது தடுக்கவில்லை. அதிக உதிரப்போக்கிற்காக மருத்துவர் தந்த ஹார்மோன் மாத்திரையைக் குற்ற உணர்வால் மறைத்து விழுங்கும் சகோதரிகளை நாம் அறிவோம். அவர்கள் அஞ்ச வேண்டியதில்லை.

ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, திடீர்ப் பார்வை மங்கல் வந்தால் அடுத்த தேதிவரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.